மன்னரின் மனைவி ராணி அல்ல

39 ஆண்டுகள் திருவிதாங்கூரை ஆண்ட மகாராஜா மூலம் திருநாள் 1924 ஆகஸ்டில் காலமானார். அவருக்கு மனைவி வழியில் பிள்ளைகள் உண்டு. ஆனால் அடுத்த மகாராஜாவாக அறிவிக்கப்பட்டவர் 11 வயதுச் சிறுவன் சித்திரைத் திருநாள் பலராம வர்மா. மறைந்த மன்னருக்கு அவர் மகனும் அல்ல, பேரனும் அல்ல. சிறுவனுக்கு வயது வரும்வரை நாட்டை யார் ஆள்வது? மன்னரின் மனைவி என்ற பேச்சே எழவில்லை. சிறுவனைப் பெற்ற தாய் சேது பார்வதி பாய் இருந்தார். பொறுப்பு அவருக்கும் போகவில்லை. அந்தத் தாய்க்கு அக்கா முறையான 28 வயது சேது லட்சுமி பாய், செப்டம்பர் 1ஆம் தேதி ரீஜெண்ட் மகாராணி ஆனார்.

தமிழ்நாட்டுக்கு இந்த அம்மையார் புதியவர் அல்ல. கோயில் தெருக்களில் எல்லோரும் நடக்கும் உரிமைக்காக நடந்த வைக்கம் போராட்டத்தின் கதையில் வரும் ‘திருவிதாங்கூர் ராணி’ இவர்தான். அந்தப் போராட்டத்தால் சிறையில் இருந்த பெரியார் வெளியே வந்தது மூலம் திருநாளின் மறைவை ஒட்டித்தான். அடுத்த ஆண்டு மார்ச்சில் காந்தி வர்க்கலைக்கு வந்து பேச்சு நடத்தியதும் இதே ராணியிடம். வைரமும் முத்துமாக ஒரு மகாராணியை எதிர்பார்த்துப் போன காந்தி, கழுத்தில் ஒற்றை மாலையோடு எளிய உடையில் இருந்த இளம்பெண்ணைப் பார்த்து வியந்து, அதை ‘யங் இந்தியா’வில் எழுதினார்.

ராணி என்றதும் அரசனின் மனைவி என்றே நமக்குப் பழக்கம். அந்தக் கணக்கு திருவிதாங்கூரில் செல்லாது. அங்கே ராணி என்பவர் அரசனின் தாயாக இருக்கலாம், அக்காவாக இருக்கலாம், பெரியம்மாவாக இருக்கலாம். மனைவியாக மட்டும் இருக்க முடியாது.

ஒரு பெயருக்குள் ஒரு நாடு

ஸ்ரீ பத்மநாப சேவினி வஞ்சி தர்ம வர்த்தினி ராஜராஜேஸ்வரி மகாராணி பூராடம் திருநாள் சேது லட்சுமி பாய், ஆற்றிங்கல் மூத்த தம்புரான், சி.ஐ.

சேது லட்சுமி பாயின் முழுப் பட்டம் இது. ஒவ்வொரு துண்டாகப் பிரித்துப் பார்த்தால் அந்த அரசின் சரித்திரமே கிடைக்கும். 1750 ஜனவரியில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா தன் நாட்டைத் திருவனந்தபுரம் பத்மநாப சுவாமிக்கு எழுதிவைத்து, தான் அவருடைய அடிமையாக இருந்து ஆள்வதாக அறிவித்தார். அன்றிலிருந்து ஆண்கள் பத்மநாப தாசர்கள், பெண்கள் பத்மநாப சேவினிகள். வஞ்சி என்பது அந்த நாட்டுக்கே பெயர். பூராடம் பிறந்த நட்சத்திரம். அரச குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயரிலும் நட்சத்திரம் முன்னால் வரும். தங்கை முறையான சேது பார்வதி பாய் மூலம் நட்சத்திரம். நம் ஊர்க் கல்யாணத் தரகர்கள் பூராடத்தையும் பெண் மூலத்தையும் கேட்டாலே ஜாதகத்தை மடித்துவைத்துவிடுவார்கள். ஒரு காலத்தில் திருவிதாங்கூரின் இரண்டு ராணிகளும் அந்த இரண்டு நட்சத்திரங்கள்தான்.

கடைசியில் உள்ள சி.ஐ. வெள்ளைக்காரன் கொடுத்தது. விக்டோரியா காலத்தில், 1878இல், பெண்களுக்கென்றே தொடங்கிய ‘இந்திய மகுட விருது’ அது. இங்கிலாந்து அரச குடும்பத்துப் பெண்கள், வைஸ்ராய்களின் மனைவிமார், சமஸ்தானத்து ராணிகள் என்று பொறுக்கியெடுத்த சிலருக்கே கிடைத்தது.

இவ்வளவுக்கும் நடுவில் எடை உள்ள சொற்கள் மூன்றுதான்: ஆற்றிங்கல் மூத்த தம்புரான். திருவனந்தபுரத்துக்கு வடக்கே உள்ள ஊர் ஆற்றிங்கல். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூரின் முன்னோடியான வேணாட்டு அரச குடும்பத்தில் பெண்வாரிசு இல்லாமல் போனபோது, வடக்கே கோலத்துநாட்டிலிருந்து இரண்டு இளவரசிகளைத் தத்தெடுத்து, அவர்களுக்கு ஆற்றிங்கலை இருப்பிடமாகக் கொடுத்தார்கள் என்பது மரபு. குடும்பத்தின் மூத்த பெண் ஆற்றிங்கல் மூத்த ராணி. அடுத்தவர் இளைய ராணி. இவர்கள் வயிற்றில் பிறக்கும் ஆண்தான் அரசாள முடியும். மருமக்கத்தாயம் என்னும் தாய்வழி முறை இது. ஆற்றிங்கலில் பெண் குழந்தை பிறக்காவிட்டால் நாட்டுக்கே வாரிசு இல்லை.

அதனால்தான் ஒரு காலத்தில் ஆற்றிங்கல் ராணிகளுக்குத் தனி நிலம், தனி வருவாய், வெளிநாட்டாரோடு தனியாகப் பேசும் அதிகாரம் எல்லாம் இருந்தன. கிழக்கிந்தியக் கம்பெனி அஞ்சுதெங்கில் கால் ஊன்றியது ஆற்றிங்கல் ராணியின் அனுமதியோடுதான். 1721இல் ராணிக்குப் பரிசுப் பொருள்களோடு ஆற்றிங்கலுக்கு ஊர்வலமாகப் போன கம்பெனி அதிகாரி கிஃபோர்டும் ஏறக்குறைய 140 ஆட்களும் உள்ளூர்க்காரர்களால் கொல்லப்பட்டார்கள். பிற்பாடு மார்த்தாண்ட வர்மா நாட்டை ஒரே கைக்குள் கொண்டுவந்தபோது, ஆற்றிங்கலின் அதிகாரத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார். பட்டம் ராணிகளிடம் தங்கியது. ஆட்சி போய்விட்டது.

அம்மச்சி

அப்படியானால் மன்னரைக் கட்டிக்கொண்ட பெண் யார்? அவருக்குப் பெயர் அம்மச்சி. முறையான பட்டம் பானப்பிள்ளை அம்மா. நாயர் குடும்பத்துப் பெண். மன்னர் கையால் பட்டுப்புடவை வாங்கி மனைவியானவர். அரச குடும்பத்தில் அவர் சேர்த்தி இல்லை. தர்பாரில் அவருக்கு இருக்கை கிடையாது. பொது இடத்தில் மன்னரோடு சேர்ந்து தோன்ற மாட்டார். 19ஆம் நூற்றாண்டில் அங்கே பணியாற்றிய பாதிரியார் சாமுவேல் மட்டீர் இதையெல்லாம் ஆச்சரியத்தோடு குறித்துவைத்திருக்கிறார். வைஸ்ராய் வந்தாலும் கவர்னர் வந்தாலும் வரவேற்பில் நிற்பது மன்னரின் அக்காவோ மருமகளோதான்.

அம்மச்சிகளின் வீடுகளுக்கு அம்மவீடு என்று பெயர். பழைய அம்மவீடுகள் நான்கு: அருமனை, வடசேரி, நாகர்கோவில், திருவட்டாறு. நான்கும் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து ஊர்கள். மார்த்தாண்ட வர்மாவுக்கு அடுத்து வந்த தர்மராஜா காலத்தில் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாற, இந்தக் குடும்பங்களும் ஊர்ப்பெயரைச் சுமந்துகொண்டு அங்கே குடியேறின. மன்னர் வேறு வீட்டுப் பெண்ணை விரும்பினால், முதலில் அவளை ஏதாவது ஓர் அம்மவீட்டில் தத்தெடுக்கவைத்து, பிறகுதான் கல்யாணம். மன்னர் சுவாதித் திருநாள் மணந்த சுகந்தவல்லி இப்படித்தான் வந்தார். தஞ்சாவூரிலிருந்து போன நடனக் கலைஞர், வடசேரி அம்மவீட்டின் தத்துப்பெண்ணாகி, சுந்தர லட்சுமி அம்மச்சி ஆனார். அவருக்கென்று எழுந்த வீட்டுக்குத் தஞ்சாவூர் அம்மவீடு என்றே பெயர்.

அம்மச்சி பெற்ற ஆண் பிள்ளைக்குத் தம்பி என்று பட்டம். பெண் பிள்ளைக்குத் தங்கச்சி, கொச்சம்மா. கேட்கப் பாசமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் அது ஓர் எல்லைக்கோடு: ‘நீ மன்னரின் ரத்தம், ஆனால் அரண்மனை உனக்கு இல்லை’. அந்தக் கோட்டைத் தாண்டப் பார்த்தவர்களும் உண்டு. மார்த்தாண்ட வர்மாவுக்கு முன் ஆண்ட ராம வர்மாவின் மகன்கள் பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் அப்பாவின் நாடு தங்களுக்கே என்று எழுந்து நின்று, நாயர் பிரபுக்களான எட்டு வீட்டுப் பிள்ளைமாரைச் சேர்த்துக்கொண்டு மருமகனோடு மோதி, உயிரை விட்டார்கள். சி.வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ நாவல் இந்தக் கதையைச் சுற்றித்தான் ஓடுகிறது.

தங்கச்சிகளின் வம்சத்தில் வந்தவர்தான் இரயிம்மன் தம்பி. அவர் தாய், திருவிதாங்கூர் இளவரசர் ஒருவரின் மகள். ரத்தக் கணக்கில் பார்த்தால் அரண்மனைக்கு மிக அருகில் பிறந்தவர். 1813இல் சுவாதித் திருநாள் பிறந்தபோது அந்தக் குழந்தைக்குத் தாலாட்டு எழுதும் வேலை அவருக்கு வந்தது. மலையாளிகள் இன்றுவரை பாடும் ‘ஓமனத்திங்கள் கிடாவோ’ அதுதான். அவர் மகள் குட்டிக்குஞ்ஞு தங்கச்சி மலையாளப் பெண் கவிஞர்களில் முன்னோடி. பட்டம் மறுத்ததைப் பாட்டு கொடுத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

ராணியின் புருஷன்

மன்னரின் மனைவிக்கு நேர்ந்தது ராணியின் கணவருக்கும் நேர்ந்தது. ராணிகளை மணப்பவர்கள் கிளிமானூர் போன்ற சில க்ஷத்திரியக் குடும்பத்து ஆண்கள். அவர்களுக்குக் கோயித்தம்புரான் என்று பட்டம். அரண்மனையில் மதிப்பு உண்டு, மானியம் உண்டு. ஆனால் மனைவி அரச குடும்பம், கணவர் குடிபடை.

இதன் கடுமையை முழுசாக அனுபவித்தவர் கேரள வர்மா வலிய கோயித்தம்புரான். மலையாள உரைநடைக்கு வழி போட்டவர், ‘கேரள காளிதாசன்’ என்று புகழ்பெற்றவர். ஆற்றிங்கல் ராணி லட்சுமி பாயின் கணவர். மன்னர் ஆயில்யம் திருநாளுக்கு அவர்மேல் சந்தேகம் விழுந்தது. 1875இல் கைதுசெய்து ஆலப்புழையில் அடைத்தார்கள், பிறகு ஹரிப்பாட்டில் வைத்தார்கள். தாய்வழி மரபில் ஒரு பெண் கணவனை விலக்கிவிட்டு வேறு ஒருவரை ஏற்பதில் தடை ஏதும் இல்லை. நாட்டுக்கு வாரிசு வேண்டும் என்ற நெருக்கடியும் இருந்தது. ஆகவே ராணியை அந்த வழிக்குத் தள்ளிப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை. 1880இல் ஆயில்யம் திருநாள் இறந்த பிறகுதான் கேரள வர்மா விடுதலையானார். ஹரிப்பாட்டில் இருந்துகொண்டு, திருவனந்தபுரத்தில் இருக்கும் மனைவிக்கு மயிலைத் தூது விடுவதாக அவர் பாடிய ‘மயூர சந்தேசம்’ மலையாளத்தின் பெயர்பெற்ற தூது காவியம். விக்டோரியா மகாராணி அந்த இந்திய மகுட விருதை லட்சுமி பாய்க்குக் கொடுத்ததற்கு இந்த மனஉறுதியே காரணம் என்பார்கள். கணவனை விட மறுத்த பெண்ணை விக்டோரியா காலத்து இங்கிலாந்துக்குப் பிடிக்காமல் எப்படி இருக்கும்!

லட்சுமி பாய்க்குக் குழந்தை இல்லை. அதனால் 1900இல் மாவேலிக்கரையிலிருந்து இரண்டு பெண் குழந்தைகளைத் தத்தெடுத்தார்கள். இருவரும் ஓவியர் ரவிவர்மாவின் மகள்வழிப் பேத்திகள். ரவிவர்மாவின் மனைவி, ராணி லட்சுமி பாயின் உடன்பிறந்த தங்கை. அடுத்த ஆண்டு லட்சுமி பாய் இறந்துபோக, சேது லட்சுமி பாய் தன் ஐந்தாவது வயதில் ஆற்றிங்கல் மூத்த ராணி ஆனார். ஒரு வயதுதான் இளையவரான சேது பார்வதி பாய் இளைய ராணி. இந்த ஒரு வயது இடைவெளி பிற்பாடு ஒரு சமஸ்தானத்தின் அரசியலையே ஆட்டியது. இளையவருக்கு 1912இல் ஆண் குழந்தை பிறந்தது. மூத்தவருக்கு 1923இலும் 1926இலும் பிறந்தவை பெண் குழந்தைகள். மன்னனின் தாய் ஒருவர், குடும்பத்தின் தலைவி மற்றொருவர் என்று இரண்டு அதிகார மையங்கள் ஒரே கோட்டைக்குள் உருவாயின.

ஆண்ட ராணிகள்

தாய்வழி என்றதும் பெண்ணாட்சி என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். ராணியின் முதல் கடமை அடுத்த ஆண் அரசனைப் பெறுவது. 1810இல், ஆண்வாரிசு யாரும் இல்லாத நேரத்தில், கௌரி லட்சுமி பாய் தன் உரிமையிலேயே அரியணை ஏறினார். அப்போது அவருக்கு வயது இருபதை ஒட்டித்தான். நிலத்தோடு பிணைந்தவர்களைத் தவிர மற்ற அடிமைகளை வாங்கி விற்பதை 1812இல் தடைசெய்தார். அடுத்த ஆண்டு சுவாதித் திருநாள் பிறந்தார். தொட்டிலில் கிடந்த குழந்தை மகாராஜா ஆனது. அதுவரை ஆட்சியாளராக இருந்த தாய், மகனுக்கான ரீஜெண்ட் என்று ஒரு படி இறங்கினார். 1815இல் அவர் இறக்க, தங்கை கௌரி பார்வதி பாய் பொறுப்புக்கு வந்தார். அவர் அப்போது சிறுமி.

இந்தப் பார்வதி பாயைக் கேரளத்தில் கொண்டாடுவார்கள். மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்ற 1817ஆம் ஆண்டு ஆணை அவருடையது. குமரி மாவட்டத்தில் நின்று பார்த்தால் அவருடைய இன்னோர் ஆணையும் தெரியும். நாடார் பெண்கள் மேல்சாதிப் பெண்களைப் போல மேலாடை அணியும் உரிமையை மறுத்த 1829 பிப்ரவரி அரச அறிவிப்பு, அவருடைய ஆட்சியின் கடைசி மாதங்களில் வந்தது. தோள்சீலைப் போராட்டம் அதற்குப் பிறகு 30 ஆண்டுகள் நீடித்தது. அரியணையில் பெண் இருந்தார் என்பதால் கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் ஒரு பெண்ணுக்கும் தோளில் துணி ஏறிவிடவில்லை. சாதி அந்த ஆசனத்தைவிட உயரமாக இருந்தது.

பக்கத்துக் கொச்சியிலும் மன்னரின் மனைவிக்கு ராணிப் பட்டம் இல்லை. நேத்தியாரம்மா என்று பெயர். ஆனால் அங்கே பாருக்குட்டி நேத்தியாரம்மா என்பவர், கணவர் 1914 முதல் 1932 வரை ஆண்ட காலத்தில், திரைக்குப் பின்னால் இருந்தபடியே நிர்வாகத்தைத் தன் கையில் வைத்திருந்தார். கதர் பக்தர் வேறு. அந்தக் கணவரைக் கொச்சிக்காரர்கள் ‘மதராஸில் தீப்பெட்ட தம்புரான்’ என்று குறிப்பிடுவார்கள். சென்னையில் இறந்தவர் என்பதே அந்தப் பெயருக்குக் காரணம். கண்ணூர் அரக்கல் முஸ்லிம் அரச குடும்பம் இன்னும் நேரடியானது. குடும்பத்தில் யார் வயதில் மூத்தவரோ அவரே தலைவர். ஆண் என்றால் ஆலி ராஜா, பெண் என்றால் அரக்கல் பீவி.

மருமக்கள்வழியின் மறுபக்கம்

திரும்பவும் சேது லட்சுமி பாய்க்கு வருவோம். தாய்வழியால் மட்டுமே அரியணைக்கு வந்த இந்தப் பெண்ணின் ஆட்சியில்தான் தாய்வழிக்குச் சட்டப்படி முடிவுகட்டும் வேலை வேகம் பிடித்தது. 1925இன் நாயர் சட்டம் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பிரித்துக்கொள்ள வழி திறந்தது. அப்பன் சொத்தில் மனைவிக்கும் மக்களுக்கும் உரிமை வந்தது. அடுத்த ஆண்டே நாஞ்சில்நாட்டு வேளாளருக்கும் அதேபோல ஒரு சட்டம்.

மருமக்கத்தாயத்துக்குத் தமிழில் மருமக்கள்வழி என்று பெயர். நாஞ்சில்நாட்டு வேளாளர் மத்தியில் அது என்ன செய்தது என்பதற்குக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையைவிட நல்ல சாட்சி வேண்டாம். ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ முழுக்க, புருஷன் சொத்தெல்லாம் மருமகனுக்குப் போக, பெண்டாட்டி பிள்ளைகள் தெருவுக்கு வரும் புலம்பல்தான். சிரிக்கவைத்தே அழவைக்கும் நூல். அம்மச்சிக்கு மானியமும் மாளிகையும் இருந்தன. அதே முறை தோவாளைக் குடியானவன் மனைவிக்கு அடுப்படியைக்கூட உத்தரவாதம் செய்யவில்லை. அக்காளும் தங்கையும் கோலோச்சிய முறை, நாத்தனாரிடம் மனைவி கையேந்திய முறையும்கூட. எந்தப் பெண்ணின் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தே இதற்கு நல்ல பெயரும் கெட்ட பெயரும்.

சேது லட்சுமி பாயின் ஏழாண்டு ஆட்சி சுறுசுறுப்பானது. தேவதாசி முறையையும் கோயில்களில் உயிர்ப்பலியையும் நிறுத்தினார். மேரி பூனன் லூக்கோஸ் என்னும் பெண் மருத்துவரைச் சட்டமன்றத்துக்கு நியமித்தார். வைக்கம் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு தெருக்களில் மூன்று எல்லோருக்கும் திறந்தன. நான்காவதைத் திறக்க மனம் வரவில்லை. 1931 நவம்பரில் சித்திரைத் திருநாள் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். அவர் பக்கத்தில் ஆலோசகராக வந்து நின்றவர் சென்னையின் சர் சி.பி. ராமசாமி ஐயர், பின்னர் அவரே திவான். மன்னரின் தாய் சேது பார்வதி பாயை நாடு ‘அம்ம மகாராணி’ என்று அழைக்கத் தொடங்கியது. வீணை வாசிப்பவர், சுவாதித் திருநாளின் கீர்த்தனைகள் மேடைக்குத் திரும்பியதில் அவருக்குப் பங்கு உண்டு, அகில இந்திய மாதர் மாநாட்டின் தலைவராகவும் இருந்தார். மூத்த ராணி என்ற பட்டம் சேது லட்சுமி பாயிடமே இருந்தது. செல்வாக்கு கோட்டையின் மறுபக்கம் போய்விட்டது.

நாடு சுதந்திரமடைந்து சமஸ்தானங்கள் கரைந்த பிறகு, 1950களின் இறுதியில் அவர் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தார். 1985இல் அங்கேயே இறந்தார். பூஜப்புரையில் அவர் வாழ்ந்த சேட்டல்மண்ட் அரண்மனையில் இன்று ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு நடக்கிறது.

1971இன் 26ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மன்னர் மானியத்தையும் பட்டங்களுக்கான அரசு அங்கீகாரத்தையும் சேர்த்தே எடுத்தது. 1976இல் கேரளத்தில் கூட்டுக் குடும்ப முறை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து, மருமக்கத்தாயத்தின் மிச்சமும் போனது. ஆனால் பத்மநாப சுவாமி கோயிலுக்குள் பழைய கணக்கே ஓடியது. 1991இல் சித்திரைத் திருநாள் மறைந்தபோது தம்பி உத்திராடம் திருநாள் குடும்பத் தலைவரானார். 2013இல் அவர் மறைந்தபோது, அந்த இடம் அவருடைய சொந்தப் பிள்ளைகளுக்குப் போகவில்லை. சகோதரி கார்த்திகைத் திருநாள் லட்சுமி பாயின் மகன் மூலம் திருநாள் ராம வர்மாவுக்குப் போனது. நிலவறைப் பொக்கிஷத்தால் உலகம் முழுக்கப் பேசப்பட்ட கோயில் வழக்கில், மன்னர் பட்டமே ஒழிந்த பிறகு நிர்வாக உரிமை யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. 2020 ஜூலை 13 அன்று உச்ச நீதிமன்றம், மரபுப்படி குடும்பத் தலைவராக வருபவருக்கே அந்த உரிமை தொடரும் என்று தீர்ப்பளித்தது. அந்த மரபுப்படி மூலம் திருநாள் ராம வர்மாவுக்கு அடுத்த இடத்தில் இருப்பவரும் சகோதரி மகன்தான்.